பர்ஸ், அடுப்பு, பிள்ளைமேல் ஒரு கண்

"இன்னிக்கு என்ன சமையல்?" என்ற கேள்வியே இல்லாமல் ஒரு வாரம் கிடைத்தால் எப்படி இருக்கும்? காப்பி போட வேண்டாம், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம், கறிகாய்க்காரியிடம் பேரம் பேச வேண்டாம். நினைக்கும்போதே மனசு குளிர்கிறது, இல்லையா? கரீபியன் கடற்கரை ஹோட்டல்கள் நம்மைப் போன்ற பெண்களுக்கு விற்பது இந்த ஆசையைத்தான். "ஆல் இன்க்ளூசிவ்" என்று அதற்குப் பெயர். நம் பாஷையில் சொன்னால், எல்லாம் சேர்த்து ஒரே விலை. தங்குகிற ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் கொறிக்க நொறுக்குத் தீனி, பானங்கள், நீச்சல் குளம், விளையாட்டு, இத்தனைக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் போன இடத்தில் பர்ஸைத் திறக்கவே வேண்டாம் என்கிறார்கள்.

நான் திருச்சிப் பெண். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே குளிர் காலம் வந்தால் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். நியூயார்க்கில் விமானம் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் ஜமைக்கா. அதனால் கொஞ்சம் காசு சேர்ந்தால் எல்லோருக்கும் அந்தப் பக்கம் போக ஆசை வந்துவிடும். நாங்களும் மூன்று தடவை போய் வந்தோம். 2016-ல் ஜமைக்கா, 2018-ல் டொமினிகன் குடியரசில் இருக்கிற புன்டா கானா, 2023-ல் பார்படோஸ். முதல் இரண்டும் எல்லாம் சேர்த்த ஹோட்டல். மூன்றாவது, சின்னச் சமையலறையோடு கூடிய வாடகை வீடு.

போன மாதம் ஊரிலிருந்து என் சித்தி போன் பண்ணினாள். "உன் தங்கச்சி எங்களை ஏதோ தீவுக்குக் கூட்டிட்டுப் போறாளாம். நாலு ஹோட்டல் படம் அனுப்பி, எது வேணும்னு கேக்கறா. எல்லாம் ஒரே மாதிரி நீலமா இருக்கு. நல்ல ஹோட்டல்னு எதை வச்சுடி பாக்கறது?" என்று கேட்டாள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வருகிற நம் ஊர்ப் பெற்றோர்கள் இப்போது நிறையப் பேர். சித்திக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

விளம்பரப் படத்தில் எல்லாக் கடலும் நீலம்தான், எல்லா மணலும் வெள்ளைதான். நான் மூன்றே மூன்று விஷயத்தை வைத்து அளக்கிறேன். வீட்டில் ஒரு குடும்பத் தலைவி நாள் முழுக்கச் சுமக்கிற கவலை என்ன? பர்ஸ், அடுப்பு, பிள்ளைமேல் ஒரு கண். இந்த மூன்றும் இறங்கினால்தான் அவளுக்கு ஓய்வு. முதல் இரண்டையும் ஓரளவு இறக்கி வைக்கிற ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. மூன்றாவதை இறக்குகிற இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. இந்த ஏற்பாடு கரீபியனில் முதலில் குடும்பங்களுக்காகப் பரவியது அல்ல. 1950-ல் கிளப் மெட் என்ற நிறுவனம் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கடலோரக் கூடாரங்களில் இதைத் தொடங்கியது. 1970-களில் அந்த யோசனை ஜமைக்காவுக்கு வந்தது. 1981-ல் கார்டன் ஸ்டூவர்ட் என்ற ஜமைக்கா வியாபாரி மான்டேகோ பே நகரில் சாண்டல்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தபோது அது ஜோடிகளுக்கு மட்டும்! அதே நிறுவனம் குழந்தை குட்டிகளோடு வருகிறவர்களுக்காக பீச்சஸ் என்ற பெயரில் தனி ஹோட்டல் திறந்தது 1997-ல்தான். இன்றைக்கும் அங்கே பல ஹோட்டல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி கிடையாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்களா என்பதைத்தான்.

பர்ஸ்

எல்லாம் சேர்த்து என்று சொன்னாலும் எல்லாமும் சேர்வதில்லை. விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு வண்டி, படகுச் சவாரி, மசாஜ், சில தனி உணவகங்கள், இவற்றுக்குப் பல இடங்களில் தனிக் காசு. எது சேர்த்தி, எது தனி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை ஒரு ரூமுக்கா, ஒரு ஆளுக்கா என்று அடுத்தபடி பாருங்கள். பெரும்பாலும் ஆள் கணக்குதான். குழந்தைகளுக்கு எந்த வயது வரை குறைந்த விலை என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஐந்து பேரை ஒரே ரூமில் விட மாட்டோம் என்றார்கள். சரி, அத்தைக்கு ஒரு ரூம் எடுக்கலாம் என்றால், ஒருவர் மட்டும் தங்குகிற ரூமுக்குக் கட்டணம் அதிகம்! பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த ஒரே விலையில் மதுவும் சேர்ந்திருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை எத்தனை கோப்பை குடித்தாலும் காசு கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. பக்கத்து மேஜைக்காரர் குடிப்பதற்கும் சேர்த்து நாம் பணம் கட்டுகிறோம் என்றுதானே அர்த்தம்? அதனால் இப்படிக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 600 டாலர், அதே கரையில் வெறும் ரூம் 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 300 டாலருக்கு நம் குடும்பம் ஒரு நாளில் சாப்பிடுமா? பழச்சாறும் சோறும் பருப்பும் சாப்பிடுகிற குடும்பம் என்றால் சாப்பிடாது. ஓயாமல் ஐஸ்கிரீமும் பர்கரும் கேட்கிற இரண்டு பையன்கள் இருந்தால் ஒருவேளை சாப்பிடும்!

மலிவு விலையைப் பார்த்ததும் காலண்டரையும் பாருங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அந்தப் பக்கம் புயல் காலம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உக்கிரம். 2025 அக்டோபர் 28-ஆம் தேதி மெலிஸ்ஸா என்ற புயல், ஐந்தாம் வகை என்னும் மிகக் கடுமையான நிலையில் ஜமைக்காவின் மேற்குப் பகுதியைத் தாக்கியது. அந்த மாதங்களில் விலை குறைவதற்குக் காரணம் இதுதான். போனால், புயல் வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, அதற்கு இன்ஷூரன்ஸும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அரூபா, போனேர், குராசாவ் என்ற மூன்று தீவுகள் தெற்கே தள்ளி இருப்பதால் புயல்கள் பெரும்பாலும் அந்த வழியாகப் போவதில்லை.

கடற்பாசி இன்னொரு தொல்லை. சர்காசம் என்று ஒரு பழுப்பு நிறப் பாசி. 2011 முதல் கோடைக் காலத்தில் மலை மலையாக வந்து கரீபியன் கரைகளில் ஒதுங்குகிறது. 2018 ஜூலையில் நாங்கள் புன்டா கானா போனபோது, காசு கொடுத்து வாங்கிய "கடல் பார்த்த ரூம்" ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பாசி அழுகினால் அழுகிய முட்டை நாற்றம்! தினம் விடியற்காலையில் ஆட்கள் வண்டி வண்டியாக அள்ளினார்கள். மறுநாள் பார்த்தால் அதே அளவு மறுபடி கிடந்தது. கிழக்கே அட்லாண்டிக்கைப் பார்த்த கரைகளுக்குத்தான் இது அதிகம். ஜமைக்காவின் நெக்ரில் போல மேற்கே பார்த்த கரைகளில் குறைவு. ஆகவே ஹோட்டல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். வீடு பார்க்கும்போது வாசல் கிழக்கா மேற்கா என்று கேட்கிற நமக்கு இது புதுசா என்ன?

அடுப்பு

சாப்பாட்டு மண்டபத்தில் நுழைந்தால் முப்பது நாற்பது பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் எத்தனை என்பதுதான் கேள்வி. ஜமைக்காவில் முதல் நாள் அத்தை தட்டில் ரொட்டியும் தர்ப்பூசணியும் மட்டும் இருந்தன. "எனக்குப் போதும்மா, நீங்க சாப்பிடுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னால் போதவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் சமையல்காரர் ஒருவரிடம் பேசினேன். அந்த ஊரில் ரஸ்தஃபாரி என்ற மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு "ஐடல்" என்று பெயர். பெரும்பாலும் மாமிசம் இல்லாமல், உப்புக் குறைத்து, தேங்காய்ப்பாலில் காய்களும் பயறுகளும் வேகவைத்தது. "ஐடல் மாதிரி கொடுங்க" என்றதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. காலலூ என்று ஒரு கீரை கொண்டுவந்தார். பார்த்தால் நம்ம ஊர் தண்டுக்கீரை ஜாதி! வெங்காயமும் தக்காளியும் போட்டு வதக்கியிருந்தது. கூடவே கறிப்பலா சுட்டது. அத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் எனக்கும் அடுப்பை மறந்து உட்கார முடிந்தது.

டொமினிகன் குடியரசில் பாஷை ஸ்பானிஷ். அங்கே "மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழியை வைத்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் கோழி வேறே. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ" என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மாமிசம், கோழி, மீன் மூன்றும் இல்லாமல் என்று பொருள். பீன்ஸ் குழம்பிலும் மாமிசச் சாறு சேர்ப்பது உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பொரித்த வாழைக்காயும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தாராளமாகக் கிடைக்கும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவளப்பாறைக் கடலில் வளருகிற பெரிய மீன்களில், முக்கியமாகச் சீலா மீனில், சில சமயம் ஒருவகை நஞ்சு சேர்ந்திருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாந்தி, பேதி, கை கால் மதமதப்பு வரும். அந்த மீனைத் தவிர்ப்பது நல்லது.

பார்படோஸ் வாடகை வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். செலவு நிச்சயம் குறைந்தது. அத்தைக்கு ரசம் கிடைத்தது, பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழ சாதம் கிடைத்தது. எனக்கு? நியூ ஜெர்சி அடுப்பு கடல் தாண்டி வந்து என் முன்னால் நின்றது! மூன்றாம் நாள் இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைலேருந்து காலை டிபன் என் பொறுப்பு" என்றார். உப்புமா கொஞ்சம் கட்டிதட்டியிருந்தது. ஆனாலும் நான் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லாம் சேர்த்த ஹோட்டலுக்கு வசதி இல்லை என்றால், கிளம்புவதற்கு முன்னாலேயே வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டு இப்படியும் போகலாம்.

பிள்ளைமேல் ஒரு கண்

ஜமைக்காவில் நாங்கள் தங்கிய ஹோட்டலின் பெயர் வேண்டாம். நீச்சல் குளம் பார்க்க அவ்வளவு அழகு. ஒரு ஓரம் குழந்தைகள் நிற்கிற ஆழம், நாலு அடி தள்ளி திடீரென்று பள்ளம். குளத்தின் நடுவிலேயே மதுக்கடை வேறு. பெரியவர்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடியே குடிக்கலாம். என் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றிருந்தேன். பத்தடி தள்ளி வேறொரு குடும்பத்துப் பையன், ஐந்து வயது இருக்கும், படியிலிருந்து வழுக்கி உள்ளே போய்விட்டான். அவன் கத்தவில்லை, கை காலை அடித்துக்கொள்ளவும் இல்லை. இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். நான் கூச்சல் போடுவதற்குள், துண்டு கொடுக்கிற மேஜையில் நின்ற ஒரு அம்மா யூனிபாரத்தோடு குதித்து, பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவன் இருமித் தண்ணீரைக் கக்கி, அழ ஆரம்பித்த பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

காவலுக்கு என்று ஒரு ஆள் அங்கே கிடையாது. "உயிர்காப்பாளர் இல்லை, அவரவர் பொறுப்பு" என்று சுவரில் ஒரு பலகை மட்டும் இருந்தது. பளபளவென்ற விளம்பரப் புத்தகத்தில் அந்த வரியைக் காணோம்.

சாயங்காலம் அந்த அம்மாவைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "இவ்வளவு நன்றாக நீந்துகிறீர்களே, இந்தக் கடலில் கற்றுக்கொண்டதா?" என்று கேட்டேன். சிரித்தார். "இந்தக் கரைக்கு நான் வேலைக்கு வருகிறேன், குளிக்க வருவதில்லை. நான் கற்றது எங்கள் ஊர் ஆற்றில்" என்றார். பிறகு விசாரித்தபோது புரிந்தது. ஜமைக்காவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடற்கரை அரசாங்கத்துக்குச் சொந்தம். ஹோட்டல்கள் உரிமம் வாங்கி வேலி போட்டுக்கொள்ளலாம். ஊர் ஜனங்களுக்கு எல்லாக் கரையிலும் இறங்கிக் குளிக்கப் பொதுவான உரிமை கிடையாது. பார்படோஸில் அப்படி இல்லை, கரைகள் எல்லாம் பொது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நம் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிள்ளைகளும் கலந்து விளையாடும். அதற்குப் பிறகு ஹோட்டல் பார்க்கும்போது இதையும் பார்க்கிறேன். வேலிக்குள் இருக்கிற ஹோட்டலுக்குத்தான் போகிறோம் என்றால், ஒரு நாளாவது வெளியே வந்து உள்ளூர்க் கடையில் சாப்பிட்டு, உள்ளூர் வண்டிக்காரருக்குக் காசு கொடுங்கள். எல்லாம் சேர்த்து என்று முன்னாலேயே கட்டுகிற பணம் வேலிக்கு அப்பால் எவ்வளவு போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிட்ஸ் கிளப் என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் இருக்கும். பல ஹோட்டல்களில் நாலு வயது நிரம்பினால்தான் சேர்ப்பார்கள். கைக்குழந்தை வைத்திருக்கிற இளம் தாய்மார்கள் இதை நம்பிப் போகாதீர்கள். குழந்தையை யாரிடம் ஒப்படைக்கிறார்கள், திரும்ப அழைத்துப்போக யார் கையெழுத்துப் போட வேண்டும், தண்ணீருக்கு அழைத்துப் போவார்களா என்று கேளுங்கள். காற்றடித்துக் கையில் மாட்டுகிற பலூன் வளையங்களை நம்ப வேண்டாம். சரியான அளவு லைஃப் ஜாக்கெட் போடுங்கள். அப்போதும் குழந்தை கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கட்டும்.

கடலிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. நெக்ரில் கரையிலும் பார்படோஸின் மேற்குக் கரையிலும் தண்ணீர் பொதுவாக அமைதி. பார்படோஸின் கிழக்குக் கரை பார்க்க அழகு, குளிக்க ஆபத்து. புன்டா கானாவில் பாவாரோ பகுதியில் பவளப்பாறை அலையைத் தடுக்கிறது. வடக்கே உவேரோ ஆல்டோ பக்கம் போனால் அலை பலமாக அடிக்கும். இரண்டு பகுதி ஹோட்டல்களையும் புன்டா கானா என்றே விற்கிறார்கள்!

உடம்பு விஷயத்தில் இன்னும் சில. பகலில் கடிக்கிற கொசுவால் டெங்கு அங்கேயும் உண்டு, கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள். 2016-ல் ஜிக்கா காய்ச்சல் பரவியிருந்த சமயம். கர்ப்பமாக இருந்த என் நாத்தனாரை அவள் டாக்டர் போக வேண்டாம் என்றார், அவளும் வரவில்லை. வயிற்றில் குழந்தை இருந்தால் இன்றும் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் வாங்காதீர்கள். கரையோரம் மான்சினீல் என்று ஒரு மரம் இருக்கிறது. சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும், அவ்வளவும் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலும் சொட்டுகிற நீர் பட்டுத் தோல் கொப்பளிக்கும். பார்படோஸில் நாங்கள் குளித்த கரையிலேயே அடிமரத்தில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எல்லா மரத்திலும் கோடு இருக்காது. கீழே கிடக்கிற எந்தக் காயையும் குழந்தைகள் தொட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். பெரியவர்கள் தங்கள் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஹோட்டல் டாக்டர் அந்த ஒரே விலையில் சேர்த்தி இல்லை. பயணத்துக்கான மருத்துவ இன்ஷூரன்ஸ் இல்லாமல் அவர்களை அழைத்துப் போகவே கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தீவுக்குத் தீவு விசா சட்டம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்கா வழியாக விமானம் மாறினாலும் அமெரிக்க விசா வேண்டும்.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு பாத்தா கிளம்பவே முடியாதுடி!" என்றாள். அப்படி இல்லை, சகோதரிகளே. ஒரு கடிதத்தில் ஐந்து கேள்விதான். எங்கள் ஐந்து பேருக்கு மொத்தம் என்ன விலை, எது சேராது? சைவச் சாப்பாடு தினமும் என்னென்ன தருவீர்கள்? குளத்திலும் கடலிலும் உயிர்காப்பாளர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார்? என் குழந்தையின் வயதுக்குக் கிட்ஸ் கிளப்பில் இடம் உண்டா? புயல் வந்தால் பணம் திரும்பி வருமா?

சித்தி மகள் அனுப்பிய நாலு ஹோட்டலில் இரண்டு மட்டும் ஐந்துக்கும் நேரான பதில் எழுதின. ஒன்று வெறும் வரவேற்பு வாசகம் அனுப்பியது. இன்னொன்று மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிட்டது. பேரனுக்கு வயது மூன்று. அந்த ஹோட்டல்தான் நாலிலும் மலிவு. சித்தி அதை அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.